போலாமா என்ற சொல்லும் எடை மேடையும்

அந்த ஊர் வளர்ந்துவிட்டது என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் ஊர் எல்லையில் இருக்கும் லாரி எடை மேடைக்குப் போய், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். பதினோரு வருஷமாக அவர் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். ஊர் அவர் கண் முன்னால் வளர்ந்தது என்று சொன்னால் போதாது. அவர் மேடையில் ஏறி, நின்று, சீட்டு வாங்கிக்கொண்டுதான் வளர்ந்தது. ஜல்லி, மணல், செங்கல், சிமெண்ட், கம்பி என்று உள்ளே போகும் ஒவ்வொரு லாரியும் முதலில் சரக்கோடு மேடை ஏறும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாக ஏறும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அன்றைக்கு ஊர் எவ்வளவு வளர்ந்தது என்பது டன் கணக்கில் வந்துவிடும். அதனால் ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘டன்’. பெரியவர்கள் ‘டன்னு’ என்பார்கள். சின்னவர்கள் மரியாதையாக ‘டன்னண்ணன்’ என்பார்கள். ஆள் என்னவோ அறுபத்து நாலு கிலோதான்.

நாற்பது வீடு இருந்த இடத்தில் இன்று அறுநூறு வீடு. இரண்டு வங்கி, ஐந்து மருந்துக்கடை, பத்து செல்போன் கடை. தாழ்ப்பாள் மட்டும் விற்பதற்கென்று தனியாக ஒரு கடை. இத்தனையும் டன்னின் மேடை வழியாகத்தான் உள்ளே போயின. ஆனால் இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு ஊஞ்சலைக்கூட அவர் எடை போட்டதில்லை. ஒரு சறுக்குப் பலகை, ஒரு பூங்கா பெஞ்சு, எதுவும் உள்ளே போகவில்லை என்று அவரால் சீட்டு ஆதாரத்தோடு சொல்ல முடியும். புது மனைப்பிரிவு விளம்பரப் பலகையில் மட்டும் ஒரு பூங்கா உண்டு. பச்சைப் பெயிண்டில், நீரூற்றோடு, இரண்டு வாத்தோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும்.

படம் எடுத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் ஊரின் பெரிய கேள்வி.

வாரம் ஆறு நாளும் குவாரியிலும் கிட்டங்கியிலும் கடையிலும் மாடாய் உழைக்கிற ஜனம், ஏழாம் நாள் மதியம் மூன்று மணிக்கெல்லாம் உள்ளங்காலில் எறும்பு ஏறியதுபோல் ஆகிவிடும். நாலு மணிக்கு ஊரே குளித்து, பவுடர் போட்டு, நான்கு பேருக்கு ஒரு ஸ்கூட்டர் வீதம் ஏறிக் கிளம்பும். இருப்பது ஒரே சாலை. அந்தச் சாலையில் வண்டியை வளைத்துத் திருப்புகிற அளவுக்கு அகலமான இடமும் ஒன்றுதான். அது எடை மேடை வாசல். அங்கே போய், திரும்பி, வந்த வழியே வீட்டுக்கு வந்து, பவுடர் கலைவதற்குள் கதவைத் திறந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் ‘போலாமா’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும். நாலு மணிக்கு வீட்டுக்குள் நின்று ஒருவர் “போலாமா?” என்றால், வெளியே போகலாமா என்று பொருள். நாலேகால் மணிக்கு வெளியே நின்றுகொண்டு அதே ஆள் அதே குரலில் “போலாமா?” என்றால், வீட்டுக்குப் போகலாமா என்று பொருள். இந்த இரண்டு போலாமாவுக்கும் நடுவில் கிடக்கும் கால் மணி நேரத்துக்குத்தான் அந்த ஊரில் குடும்ப உல்லாசம் என்று பெயர்.

டன்னின் மனைவி அந்தக் கால் மணி நேரத்தைப் பதினாலு வருஷமாக அனுபவித்து வந்தாள். அவள் பிறந்தது பெரிய டவுனில். அங்கே அவளுடைய அக்கா இருக்கிறாள், அக்காவின் புருஷன், டன்னின் சகலை, இருக்கிறார், வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி உண்மையான வாத்துகளோடு ஒரு பூங்கா இருக்கிறது. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஐந்தரைக்கு போன் செய்து, “எங்கடி இருக்க?” என்று கேட்பாள். தங்கை “வீட்ல” என்பாள். “அதுக்குள்ளயா வந்துட்ட?” என்று அக்கா கேட்பாள். பின்னால் பூங்காவில் பிள்ளைகள் கத்துவது தெளிவாகக் கேட்கும். அக்கா வேண்டுமென்றே கத்தலுக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் பேசுகிறாள் என்பது தங்கையின் உறுதியான அபிப்பிராயம்.

போன மாத இறுதியில் சகலை ஒரு செய்தியோடு வந்தார். அவர் மேனேஜராக இருக்கும் குடோனில் ஒரு வேலை காலி. அட்டைப்பெட்டிகளை எண்ணுகிற வேலை.

“இங்க லாரிய எண்ணறத அங்க வந்து பெட்டிய எண்ணுங்க, சகலை. ஏசி ரூம். புள்ளைங்களுக்கும் நாலு எடம் பாத்த மாதிரி இருக்கும். அடுத்த மாசக் கடைசி ஞாயிறு குடும்பத்தோட வர்றோம். அன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க.”

ஒரு சகலைக்குக் கீழே இன்னொரு சகலை வேலை பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பது டன்னின் தாழ்மையான கருத்து. அதோடு அவருக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. சொந்தமாக இரண்டு அறையும் ஒரு மாமரக்கன்றும் உள்ள வீடு. அந்த வீட்டின் ஜல்லியை அவரே எடை போட்டிருக்கிறார்.

மனைவிக்கு அப்படி எந்தப் பாசமும் இல்லை. அன்று பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“நான் என்ன தங்கத்துல பங்களாவா கேட்டேன்? ஒரு எடம். உக்கார ஒரு எடம். நாலு மணிக்குக் கெளம்பறோம், ஆறர வரைக்கும் அங்க இருக்கறோம். நம்ம நாலு பேர்ல ஒருத்தர் வாயிலேருந்தும் ‘போலாமா’ங்கற வார்த்த வரக்கூடாது. அப்படி ஒரு எடத்த இந்த ஊர்ல காட்டுங்க பாப்போம்.”

“காட்டிட்டா?”

“காட்டிட்டா நான் செத்தாலும் டவுன் பேச்ச எடுக்க மாட்டேன். காட்டலன்னா மாசக் கடைசில மூட்டை கட்டறோம்.”

“எத்தன வாரம் டைம்?”

“நாலு ஞாயிறு இருக்குல்ல? நாலும் உங்களுதுதான். அனுபவிங்க.”

மூத்த மகள் ஏழாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, அதனாலேயே வீட்டில் யாரும் அவளிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அவள் உடனே ஒரு நோட்டில் கோடு போட்டு, ‘போலாமா சொன்ன நேரம்’, ‘சொன்னவர்’ என்று இரண்டு கட்டம் வரைந்துவிட்டாள். இளையவளுக்கு ஐந்து வயது. அவளுக்கு விதியை மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று தரமும் “சரி, போலாமா?” என்றாள்.

முதல் ஞாயிறு புது பெட்ரோல் பங்குக்குப் போனார்கள். அங்கே இரண்டு பாய் அளவுக்குப் புல்தரை இருந்தது. ‘புல்லின் மேல் நடக்காதீர்’ என்ற பலகை அதில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. நான்கு பேரும் புல்லைச் சுற்றி நின்று, நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். பதினாலாவது நிமிஷம் இளையவள் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் ஞாயிறு நாற்காலி கட்டில் கடை. மூன்று மாடி, மின்விசிறி, உட்கார எல்லா இடமும் சோபா. டன் இதை வெகுவாக நம்பியிருந்தார். ஒவ்வொரு சோபாவாக உட்கார்ந்து, அமுக்கிப் பார்த்து, ‘இது கொஞ்சம் கடினம்’ என்று முகத்தைச் சுளித்து, அரை மணி நேரத்தை அருமையாக ஓட்டினார்கள். ஆனால் மூன்றாவது மாடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை ஒன்றில் இளையவள் படுத்துத் தூங்கிப்போனாள். கடைக்காரர் வந்து நின்றார்.

“என்ன டன்னு, எடுக்கறீங்களா?”

“எடுக்கறோம், எடுக்கறோம்.”

“மெத்தையவா?”

“கொழந்தையங்க.”

அதற்கு மேல் அங்கே நிற்பதற்கு டன்னுக்கே தெம்பில்லை. முப்பத்தோராவது நிமிஷம், சொன்னவர்: அப்பா.

மூன்றாம் ஞாயிறு மேம்பாலம். நிற்காமல் வேறு ஊருக்குப் போகிறவர்களை நின்று பார்க்க முடிகிற இடம் அது. ஒன்பதே நிமிஷத்தில் கண்ணில் புழுதி விழுந்து, மனைவியே சொன்னாள். சொல்லிவிட்டு நோட்டை வாங்கித் தானே எழுதினாள். அவளிடம் நேர்மைக்குக் குறைவில்லை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கிடைத்தது எடை மேடை அறை. அன்று விடுமுறை. சாவி டன்னின் இடுப்பிலேயே இருந்தது. நால்வரும் உள்ளே போய்த் தலை துவட்டினார்கள். டன் வழக்கம்போல், கை தானாகப் போய், எந்திரத்தை ஆன் செய்தார். லாரி டிரைவர்களுக்குத் தெரிவதற்காக வெளியே மாட்டியிருந்த பெரிய பலகையில் சிவப்பாக ஒரு பூஜ்யம் எரிந்தது.

மழை விட்டதும் இளையவள் மேடை மேல் ஓடினாள். பலகை 10 என்றது.

“அப்பா! நான் பத்து!”

“அக்கா நிக்கறேன், பாரு,” என்று மூத்தவள் ஏறினாள். தங்கையைத் தள்ளிவிட்டாள். 40.

“அம்மா, நீ வாம்மா.”

“சீ, போடி. லாரி நிக்கற எடத்துல நானா?” என்று சொல்லிக்கொண்டே மனைவி ஏறினாள். 60. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். மறுபடியும் 60. “இது பழைய மிஷினுதான?” என்றாள்.

டன் ஏறினார். அவரும் 60. பிறகு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நால்வரும் சேர்ந்து ஏறினார்கள். பலகை கொஞ்சம் யோசித்துவிட்டு 190 என்றது.

மனைவி விரல் விட்டு எண்ணினாள். “பத்தும் நாப்பதும் அம்பது. ரெண்டு அறுபது. நூத்தி எழுபதுதான வரணும்?”

“ஆமா.”

“நூத்தித் தொண்ணூறு காட்டுது?”

“ஆமா.”

“அப்ப அந்த இருபது கிலோ எங்கேருந்து வந்துச்சு?”

பதினோரு வருஷம் அந்த எந்திரத்தோடு குடித்தனம் நடத்திய டன்னுக்கு விடை நன்றாகவே தெரியும். லாரிக்கென்று செய்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் தாவும். பதினாலு கிலோவைப் பத்து என்னும், அறுபத்து நாலை அறுபது என்னும். தனித்தனியாக விழுங்கியதையெல்லாம் மொத்தமாக ஏறும்போது கக்கிவிடும். இதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஈரத் தலையோடு பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மூத்தவள் மூடவில்லை. “அம்மா, அது ரவுண்டிங். பதினஞ்சுக்குக் கீழ இருந்தா பத்தாக்கும்...”

“நீ சும்மா இருடி, படிச்சவ. நாலு பேரும் சேந்து நின்னா கூடுது. அவ்ளோதான்.”

அன்று அவர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், இரண்டிரண்டு பேராக ஏறினார்கள், ஒற்றைக் காலில் நின்றார்கள், குதித்தார்கள். மணியைப் பார்த்தபோது ஏழு. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. மூத்தவள் நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

“பாத்தியா?” என்றார் டன்.

“என்னத்தப் பாத்தியா? மழைக்கு ஒதுங்குனதெல்லாம் கணக்குல சேருமா? நாலு மணிக்குக் கெளம்பி வேணும்னே வந்தாத்தான் சேரும்,” என்றாள் மனைவி. ஆனால் திங்கட்கிழமை காலை தண்ணீர்க் குழாயடியில் அந்த இருபது கிலோவை அவளால் அடக்கிவைக்க முடியவில்லை.

செவ்வாய்க்குள் அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. ‘ஒட்டு’. குடும்பம் தனித்தனியாக இவ்வளவு, சேர்ந்தால் இவ்வளவு, நடுவில் கூடுவது ஒட்டு. டன் வீட்டு ஒட்டு இருபது. புதன்கிழமை தாழ்ப்பாள் கடைக்காரர் வேலை நேரத்திலேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, இரண்டு ஜல்லி லாரிக்கு நடுவில் ஏறி நின்று, பத்து வாங்கிக்கொண்டு போனார். வியாழக்கிழமை செல்போன் கடைக்காரர் வீட்டில் பூஜ்யம் வந்தது. அவர் மனைவி அங்கேயே அவரைப் பார்த்த பார்வையில், குழந்தைகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. வெள்ளிக்கிழமை ஊரில் யாரும் யாரையும் ‘சௌக்கியமா’ என்று கேட்கவில்லை. “உங்க வீட்ல ஒட்டு எவ்ளோ?” என்றுதான் கேட்டார்கள். எடைச் சீட்டில் ‘சரக்கு’ என்ற இடத்தில் எதையாவது போடாவிட்டால் எந்திரம் அச்சடிக்காது. ஆகவே எல்லாக் குடும்பங்களும் ‘ஜல்லி’ என்று அச்சான சீட்டையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகின.

டன் முறையாக முதலாளியிடம் அனுமதி கேட்டார். “ஞாயித்துக்கெழம கொஞ்சம் ஜனம் வரும்போல இருக்குங்க, மேடைல ஏறி நிக்க.”

முதலாளி நெடுநேரம் யோசித்தார். “நாப்பது டன் தாங்கும். தேயாமப் பாத்துக்க,” என்றார்.

நாலாம் ஞாயிறு வந்தது. கடைசி ஞாயிறு. டன் நாலு மணிக்குக் குடும்பத்தோடு, ‘வேணும்னே’, எடை மேடைக்குக் கிளம்பினார். ஆறரை வரை தாக்குப்பிடித்தால் வீடு மிஞ்சும், மாமரக்கன்று மிஞ்சும், சகலைக்குக் கீழே பெட்டி எண்ணாமல் பிழைக்கலாம். இரண்டரை மணி நேரம். நான்கு வாய். அதில் மூன்றை அவர் நம்பவில்லை.

சகலையின் குடும்பம் நேராக மேடைக்கே வந்துவிட்டது. கார், கறுப்புக் கண்ணாடி, இரண்டு பிள்ளைகள். அக்கா இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்தாள். நாற்பது ஸ்கூட்டர் வரிசையாக நின்றது. வரிசையில் நின்ற குடும்பங்கள் கடலை கொறித்தன, குழந்தைகள் வரிசையைச் சுற்றி ஓடின, கிழவர்கள் ஒட்டு குறித்துத் தகராறு செய்தார்கள்.

“என்னடி இது, யாராச்சும் செத்துட்டாங்களா?”

“எடை பாக்கறாங்கக்கா.”

“என்ன எட?”

தங்கை விளக்கினாள். பத்து நிமிஷம் விளக்கினாள். இத்தனை வருஷத்தில் அக்காவுக்குத் தெரியாத ஒன்றை அவள் சொல்லித் தருவது அதுவே முதல் தடவை.

சகலை சிரித்தார். “சகலை, இதான் உங்க ஊரு பார்க்கா? லாரி ஏத்தற எடத்துல மனுசன ஏத்தி...” என்று ஆரம்பித்தவர், “சரி, வந்தது வந்தோம், ஏறிப் பாத்துடுவோம்,” என்று முடித்தார். வரிசையில் இருந்தவர்கள் விருந்தாளிக்கு வழி விட்டார்கள்.

தனித்தனியாக: சகலை 90, அக்கா 80, மூத்தது 40, இளையது 30. மொத்தம் இருநூற்று நாற்பது. நால்வரும் சேர்ந்து ஏறினார்கள். பலகை 220 என்றது.

கூட்டத்தில் ஒரு சின்ன ‘உச்’ சத்தம் எழுந்தது. அதுவரை ஊரில் யாருக்கும் சேர்ந்து ஏறி எடை குறைந்ததில்லை. பூஜ்யம் வந்த செல்போன் கடைக்காரர் மனைவி, அந்த வாரத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏங்க,” என்றாள் அக்கா மெதுவாக. “நம்ம வீட்ல இருபது கிலோ எங்க போச்சு?”

“மிஷினு சரியில்ல.”

“எல்லாருக்கும் சரியா இருக்கு, நமக்கு மட்டும் சரியில்லையா?”

“இன்னொரு வாட்டி ஏறுவோம்.”

இன்னொரு வாட்டி ஏறினார்கள். நெருக்கி நின்று ஏறினார்கள். அக்கா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். டவுனில் அவள் அவர் கையைக் கடைசியாகப் பிடித்தது ரோட்டைக் கடக்கும்போது. 220. சகலை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். 220. ஐந்தரை ஆனது, ஆறு ஆனது. டவுன்காரர்கள் யாரும் மேடையை விட்டு நகர்வதாக இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் டன் பொத்தான் அமுக்கிக்கொண்டே இருந்தார். நாற்பத்தோரு குடும்பம். தனித்தனியாக, பிறகு மொத்தமாக, பிறகு ‘இன்னொரு வாட்டி’. இடுப்பு விண்விண் என்றது. நாற்காலியின் வலது பக்கத்துக் கிழிசல் வழக்கமான இடத்தில் குத்தியது. வெளியே ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. அவருடைய மகள்கள் இரண்டு பேரும் தாழ்ப்பாள் கடைக்காரர் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். மனைவி, அக்காவைத் தேற்றிக்கொண்டே, முகம் மலர்ந்து நின்றாள். அந்த மூன்று வாயிலிருந்தும் அந்த வார்த்தை வருகிற அறிகுறியே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருபது. இன்னும் பத்தே நிமிஷம்.

டன் கொட்டாவி விட்டு, முதுகை நெளித்து, யாரிடம் என்றில்லாமல், “போலாமா?” என்றார்.

லாரி டிரைவர்களுக்கு ‘கொஞ்சம் முன்னாடி எடு’ என்று சொல்வதற்காக வைத்திருந்த மைக் ஆனில் இருந்தது. இரண்டு ஒலிபெருக்கியிலும் அந்த வார்த்தை கம்பீரமாக ஒலித்தது.

ஊர்க் குடும்பங்கள் நாற்பதும் பல வருஷப் பயிற்சி உள்ளவை. சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் பேச்சை நிறுத்தி, பிள்ளையைத் தூக்கி, வண்டியில் ஏறி, உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். ஏன் கிளம்புகிறோம் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. வாசலெல்லாம் புகை.

மூத்தவள் நோட்டை எடுத்தாள். எழுதவில்லை. பேனாவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

சகலையின் முகத்தில் அன்று மாலையில் முதல் தடவையாகப் பழைய களை வந்தது. “கேட்டுச்சா? எனக்கும் கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு. அப்ப முடிவாயிடுச்சு, ஒண்ணாந்தேதி வந்து சேருங்க, சகலை.”

மனைவி அறைக்குள் வந்தாள்.

“ஏங்க, இன்னும் பத்து நிமிசம் வாய மூடிட்டு இருக்கக் கூடாதா? ஏன் சொன்னீங்க?”

டன்னுக்குச் சமாதானம் சொல்லவே தோன்றவில்லை. “திங்கக்கெழமையிலேருந்து சனிக்கெழம வரைக்கும் இதே சேரு. இன்னிக்கும் இதே சேரு. எனக்கும் ஒரு நாள் வெளிய போகணும்னு இருக்காதா?”

அவள் பதினாலு வருஷமாக அந்த வீட்டில் உள்ளங்கால் எறும்பு தன் ஒருத்திக்குத்தான் சொந்தம் என்று எண்ணியிருந்தாள். எதிரே இருந்தவருக்கும் கால் இருப்பதை அன்றுதான் கவனித்தாள். நாற்காலிக் கிழிசலைப் பார்த்தாள். வெளியே புகையைப் பார்த்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாக வளைந்து திரும்பத் தொடங்கியிருந்தன.

“எந்திரிங்க.”

“என்ன?”

“எந்திரிங்கன்னா எந்திரிங்க.”

டன் எழுந்தார். அவள் உட்கார்ந்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, இருமிப் பார்த்தாள்.

“எல்லாரும் வண்டிய ஆஃப் பண்ணுங்க. யாரும் எங்கயும் போகல. வரிசைல எங்க நின்னீங்களோ அங்கயே நில்லுங்க.”

ஒலிபெருக்கி சொன்னால் அந்த ஊர் கேட்கும். நாற்பது வண்டியும் அணைந்தன.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் ஷூ, சாவிக்கொத்து, ரெண்டு போன், பெல்ட்டு எல்லாத்தையும் கழட்டி ஓரமா வைக்கச் சொல்லு. உன் கைப்பையவும் வை. புள்ளைங்க பையவும் வை. இப்ப ஒவ்வொருத்தரா ஏறுங்க.”

ஏறினார்கள். 80. 70. 30. 20.

“எரநூறு. இப்ப எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, நாலு பேரும் சேந்து ஏறுங்க.”

220.

“இருபதுக்கா! உனக்கும் இருபது!”

அக்கா மேடையிலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள். கூட்டம் கை தட்டியது. சகலை பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மூத்தவள் மட்டும் ஜன்னலுக்கு வந்து, “அம்மா, அப்ப உனக்கு ரவுண்டிங் தெரியும்?” என்று கேட்டாள்.

“தெரியாம? பத்து வருசமா கடைத் தராசு முள்ளப் பாத்து அரிசி வாங்கறவடி நான். போய் வரிசைய நேராக்கு.”

சகலை பெல்ட்டோடு ஜன்னலுக்கு வந்தார். “சரிம்மா, அதெல்லாம் சரி. அவரு சொல்லிட்டாருல்ல? குடோனுக்கு என்ன சொல்றது?”

“வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுங்க, மாமா.”

“பந்தயம்?”

“பந்தயம் எனக்கும் அவருக்கும்தான? தோத்தவருக்கு நான் தண்டன குடுத்துக்கறேன். இனி ஞாயித்துக்கெழம இந்தச் சேரு எனக்கு.” பிறகு கதவோரம் விழித்துக்கொண்டு நின்ற கணவனைப் பார்த்தாள். “நீங்க வெளிய போகணும்னீங்களே, போங்க.”

“எங்க போறது?”

“இந்த ஊர்ல எங்க இருக்கு போறதுக்கு? மேடைக்குத்தான்.”

பதினோரு வருஷத்தில், பெருக்கியதையும் போன ஞாயிறையும் விட்டால், டன் அந்த மேடையில் நின்றதில்லை. போய் நின்றார். இளையவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். பலகை 80 என்றது. அவர் வலது காலைத் தூக்கினார். 80தான். இடது காலைத் தூக்கினார். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, இடுப்பில் கை வைத்து, குழந்தையோடு சேர்ந்து ஒரு தரம் எம்பிக் குதித்தார். பலகை தடுமாறி 110 வரை போய் வந்தது. வரிசையில் இருந்த தாழ்ப்பாள் கடைக்காரர், “ஏ டன்னு, எறங்குய்யா, எங்க மொற!” என்று கத்தினார். டன் காதில் வாங்கவில்லை.

அப்போது பார்த்து, விடுமுறை என்று தெரியாமலோ தெரிந்தோ, ஒரு செங்கல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, ஜன்னலுக்குள் புது ஆளைப் பார்த்துத் திகைத்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

“செங்கல் வண்டி, அங்கயே நில்லு. மேடைல இருக்கறவங்க எறங்குங்க.”

டன் இறங்கவில்லை. இன்னொரு தரம் குதித்தார்.

“உங்களத்தாங்க!”

மகளைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கினார். பலகை பூஜ்யத்துக்கு வந்தது. லாரி முன்னால் நகர்ந்தது.

“இரு, இரு. நில்லு வண்டி. என்னங்க, மேடைல உங்க செருப்பு கெடக்கு பாருங்க.”

“செருப்பெல்லாம் இதுல காட்டாதுடி!” என்று டன் தொழில் அனுபவத்தோடு கத்தினார்.

“காட்டாட்டியும் எடுங்க,” என்றது ஒலிபெருக்கி.